சிறைச்சாலைக்காரனின் பட்டயம்

வேத பாடப் பகுதி: அப்போஸ்தலர் 16:25-34
உடன் வாசிக்க: உபாகமம் 22:8, 1 இராஜாக்கள் 19:1-8, லூக்கா 22:35-51



நம் மருத்துவமனையைப் பல ஆண்டுகளாகத் தாங்கிவரும் ஒரு மூத்த சகோதரி அண்மையில் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மகன் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் குடும்பத்தோடு வசிக்கிறார். தம்மோடு ஆராதிக்கும் சபையார் பலர் வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பதைப் பார்த்து அவரும் ஒன்று வாங்கிவிட்டாராம். "ஐயா, ஒரு விசுவாசியின் வீட்டில் துப்பாக்கி இருக்கலாமா? வேதத்தில் இதற்கு இடமுண்டா?" என்பது தாயாரின் கேள்வி. அவருக்குத் தனியாகப் பதில் எழுதிவிட்டேன். எழுதி முடித்தபின், அதே கேள்வி வேறொரு உருவத்தில் மீஞ்சூர், பொன்னேரி வீடுகளுக்கும் வருகிறதே என்று தோன்றியது. ஆகவே இந்த இதழில் அதை உங்களோடு சேர்ந்து தியானிக்கிறேன்.

முதலில் துப்பாக்கியைப் பற்றிச் சில செய்திகள். அமெரிக்காவில் 1791ஆம் ஆண்டிலிருந்து ஆயுதம் வைத்திருப்பது அரசியல் சட்டம் தந்த உரிமை. நம் நாட்டில் அது உரிமம் பெற்றே வைத்திருக்க வேண்டிய பொருள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, விண்ணப்பிக்கிறவர் தம் மனநலம், உடல்நலம் குறித்த மருத்துவச் சான்றும் தர வேண்டும். 2019இல் வந்த திருத்தம், ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தது. நம் அத்திப்பட்டுப் பக்கத்தில் துப்பாக்கி என்றால், வங்கி வாசலில் நிற்கும் முன்னாள் ராணுவக்காரரின் இரட்டைக் குழல் துப்பாக்கிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமம் பெற்றவர்கள் தங்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி சொல்லப்படுகிறார்கள். தேர்தல் முடிந்தபின் திரும்ப வாங்கிக்கொள்ளுகிறார்கள். ஊரில் மனங்கள் கொதித்திருக்கும் நாட்களில் ஆயுதம் கைக்கெட்டாத இடத்தில் இருக்கட்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் கருத்து. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டெக்சாஸில் அந்த மகன் துப்பாக்கி வாங்கியது திருடனுக்குப் பயந்து. அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அமெரிக்காவின் கணக்கைப் பாருங்கள். 2021ஆம் ஆண்டில் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர், அதாவது பாதிக்கும் மேற்பட்டவர்கள், தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். கலிபோர்னியா மாநிலத்தில் 2 கோடி 60 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை 2004 முதல் 2016 வரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2020இல் வெளியானது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்ட விகிதம், வைத்திராத ஆண்களைப் போல் 8 மடங்கு. பெண்களில் 35 மடங்கு. வேறு வழிகளில் உயிரை மாய்த்துக்கொண்ட விகிதமோ அவர்களிடம் அதிகமில்லை. துப்பாக்கி வாங்கியவர்கள் மற்றவர்களைவிட மனம் நொந்தவர்கள் என்று சொல்வதற்கில்லை. ஒரு கெட்ட இரவில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

வேதத்தில் பட்டயத்துக்கு இடமுண்டா என்று கேட்பவர்கள் லூக்கா 22ஐ எடுத்துக் காட்டுவார்கள். கடைசி இராப்போஜனத்தில் சீஷர்கள் இரண்டு பட்டயம் இருக்கிறதென்று காட்டுகிறார்கள். ஆண்டவர் போதும் என்கிறார். இந்த ஒரு சொல்லுக்கு வேத பண்டிதர்கள் எழுதிய விளக்கங்கள் ஓர் அலமாரியை நிரப்பும். எனக்கு அந்தச் சொல்லைவிட அடுத்து நடந்தது முக்கியமாகத் தெரிகிறது. சில மணி நேரத்துக்குள் அவற்றில் ஒன்று உருவப்பட்டது. அது யாரைக் காப்பாற்றியது? ஆண்டவரையும் காப்பாற்றவில்லை, சீஷர்களையும் காப்பாற்றவில்லை. பிரதான ஆசாரியனுடைய வேலைக்காரன் ஒருவனின் காது போயிற்று. அவன் பெயர் மல்குஸ் என்று யோவான் மட்டும் சொல்லுகிறார். அவன் காதை ஆண்டவர் தொட்டுச் சுகமாக்கினார் என்று லூக்கா மட்டும் சொல்லுகிறார். லூக்கா வைத்தியர் அல்லவா! சிலுவைக்கு முன் நம் ஆண்டவர் செய்த கடைசிச் சுகமளித்தல், தம் சீஷனுடைய ஆயுதத்தால் வந்த காயத்துக்குச் செய்த வைத்தியம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் வாசகர்களில் துப்பாக்கி வைத்திருப்பவர் ஒருவரோ இருவரோ இருக்கலாம். ஆனால் மீஞ்சூரைத் தாண்டினால் இன்னும் நெல் விளைகிற கிராமங்கள் உண்டு. அந்த வீடுகளில் பயிருக்கு வாங்கிய மருந்துப் பாட்டில், மீதியோடு, சமையலறை மூலையிலோ கூரை இடுக்கிலோ இருக்கிறது. வயலே இல்லாத, அனல் மின் நிலையத்துக்கோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கோ ஒப்பந்த வேலைக்குப் போகிறவரின் லைன் வீட்டிலும் எலி மருந்தும் தாத்தாவின் மாத்திரைகளும் இருக்கின்றன. நம் அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நான் ஜெபித்த வேளைகளில், துப்பாக்கிக் காயத்தோடு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பயிர் மருந்தால் வந்தவர்களை எண்ண முடியாது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர்.

பிழைத்து எழுந்தவர்களோடு உட்கார்ந்து பேசும் சிலாக்கியம் சாப்ளினுக்கு உண்டு. அவர்கள் சொல்வதில் ஒற்றுமை இருக்கிறது. நெடுநாள் திட்டமிட்டவர்கள் சிலரே. சீட்டுப் பணத் தகராறு, குடித்துவிட்டு வந்த கணவர், மாமியாரின் ஒரு சொல், தேர்வு மதிப்பெண். கோபமோ வெட்கமோ உச்சிக்கு ஏறிய ஒரு கால்மணி நேரம். "அது அந்த நேரம் கண்ணில் படாமல் இருந்திருந்தால் அழுதுவிட்டுத் தூங்கியிருப்பேன், ஐயா" என்று ஒரு இளம் தாய் என்னிடம் சொன்னார். அவர் இன்று பிள்ளையோடு நன்றாக இருக்கிறார். பிழைத்தவர்களைப் பல நாடுகளில் நெடுநாள் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. அந்தக் கால்மணி நேரத்தைக் கடத்திவிட்டால் பெரும்பாலும் ஒரு ஆயுசையே கடத்திவிடலாம்.

பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரனை இப்போது பாருங்கள். நடுராத்திரி. பூமி அதிர்ந்து கதவுகள் திறந்துவிட்டன. ரோமர் ஆட்சியில் கைதி தப்பினால் காவலனின் உயிர் போகும்; அப்போஸ்தலர் 12இல் பேதுரு தப்பியபோது ஏரோது காவலாளரைக் கொல்லச் சொன்னதை லூக்கா ஏற்கெனவே எழுதியிருக்கிறார். ஆகவே இவன் தன் கதை முடிந்தது என்று தீர்மானித்தான். இடுப்பில் இருந்தது பட்டயம். அது யாருக்காகக் கொடுக்கப்பட்ட ஆயுதம்? கைதிகளை அடக்குவதற்காக. அது திரும்பியது யார்மேல்? டெக்சாஸ் கைத்துப்பாக்கியின் கதையும் இதுதான், பயிரைக் காக்க வாங்கிய பாட்டிலின் கதையும் இதுதான்.

அவன் தீர்மானத்துக்குக் காரணமே ஒரு பிழை என்பதையும் கவனியுங்கள். கைதிகள் ஓடிப்போனார்கள் என்று நினைத்தான், ஒருவரும் ஓடவில்லை. இருட்டில் கணக்குப் போட்டான், கணக்குத் தப்பாயிற்று. விளக்கு கொண்டுவரச் சொல்வது அதற்குப் பிறகுதான். மனச்சோர்வில் இருக்கிறவர் தம் கடனையும் தம் அவமானத்தையும் தம் குடும்பத்தார் தம்மைப் பற்றி நினைப்பதையும் இப்படித்தான் இருட்டில் கூட்டிப் பார்க்கிறார்.

பவுல் என்ன செய்தார்? சத்தமிட்டுக் கூப்பிட்டார். இரண்டே காரியம் சொன்னார்: உனக்குத் தீங்கு செய்யாதே, நாங்கள் அத்தனை பேரும் இங்கே இருக்கிறோம். அந்த நேரத்தில் பாவத்தைப் பற்றிப் பேசவில்லை, நரகத்தைச் சொல்லி மிரட்டவில்லை. விசுவாசத்தைப் பற்றிய பேச்சு, விளக்கு வந்து, அவனே நடுங்கிக்கொண்டு வந்து கேட்டபின். முதலில் கையைத் தடுத்தார், அடுத்தபடி தனிமையைத் தடுத்தார், பிரசங்கம் மூன்றாவது. மரணப் படுக்கையிலிருந்து மீண்டவரின் கட்டிலருகே நின்றுகொண்டு முதல் வார்த்தையாகவே அவர் செய்தது மகா பாவம் என்று சொல்லும் நம் சபை மூப்பர்கள் சிலர் இந்த வரிசையைக் கற்றுக்கொண்டால் நன்றாக இருக்கும்.

"கையைத் தடுத்தால் போதுமா ஐயா? சாகத் துணிந்தவன் வேறு வழி தேடமாட்டானா?" என்று கேட்பவர்கள் உண்டு. படித்தவர்களே அதிகம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நடந்த காரியங்கள் பதில் சொல்லட்டும்.

இஸ்ரவேல் நாட்டு ராணுவத்தில் வார இறுதி விடுப்பில் வீட்டுக்குப் போகும் இளம் வீரர்கள் துப்பாக்கியையும் கொண்டுபோவது வழக்கமாயிருந்தது. 2006ஆம் ஆண்டு, துப்பாக்கி பாசறையிலேயே இருக்கட்டும் என்று விதி செய்தார்கள். வீரர்களிடையே தற்கொலை ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தது. குறைந்தது வார இறுதிகளில்தான். வார நாட்களில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. அதாவது, சனிக்கிழமை துப்பாக்கி இல்லாதவர் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போடவில்லை.

இன்னும் பெரிய சாட்சி நமக்கு அடுத்த வீட்டிலிருந்து வருகிறது. கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருப்பது உங்களுக்குத் தெரியும். துப்பாக்கிக்குத் தப்பிக் கடல் கடந்து வந்த குடும்பங்கள் அவை. அவர்கள் விட்டுவந்த நாட்டில், போர் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், வேறொரு மரணமும் பெருகியிருந்தது. 1995ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. பெரும்பாலும் பயிர் மருந்துதான். அரசு 1984இல் சிலவற்றைத் தடை செய்திருந்தது. 1995இல் மிகக் கொடிய வகைகள் அனைத்தையும், 1998இல் எண்டோசல்ஃபானையும், 2008க்குப் பின் இன்னும் மூன்றையும் விற்பனையிலிருந்து நீக்கியது. 2005க்குள் 47 என்பது 24ஆகக் குறைந்தது. பிறகும் குறைந்துகொண்டே வந்தது. போர் 2009 வரை நீடித்தது. வறுமை போய்விடவில்லை, குடியும் போய்விடவில்லை. 1995க்கும் 2015க்கும் இடையில் ஏறக்குறைய 93,000 உயிர்கள் தப்பின என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. விளைச்சல் குறைந்ததா என்றும் ஆராய்ந்தார்கள், குறையவில்லை. மனுஷர் மனத்துயர் மாறாமலே, கையில் கிடைத்தது மாறியதால் இவ்வளவு பேர் உயிரோடிருக்கிறார்கள். நம் தமிழக அரசும் அண்மை ஆண்டுகளில் சில மருந்துகளுக்குத் தற்காலிகத் தடையும் எலி பேஸ்டுக்குத் தடையும் கொண்டுவந்திருக்கிறது. இதற்காகத் தேவனைத் துதிப்போம்.

உபாகமம் 22:8 நம் கொத்தனார்களுக்கும் தெரிய வேண்டிய வசனம். புது வீடு கட்டுகிறவன் மேல்தளத்துக்குக் கைப்பிடிச்சுவர் வைக்க வேண்டும். யாராவது விழுந்தால் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பது மோசேயின் கட்டளை. அத்திப்பட்டில் வடநாட்டுத் தொழிலாளருக்கு வாடகைக்கு விட அவசரமாகக் கட்டிய வீடுகளின் மொட்டை மாடியைப் பாருங்கள். அடுத்த மாடி எழுப்பலாம் என்று கம்பிகளை வானத்துக்கு நீட்டிவிட்டுக் கைப்பிடிச்சுவர் இல்லாமல் விட்டிருப்பார்கள். விழுகிறவன் ஏன் விழுந்தான், குடித்திருந்தானா, கவனமில்லாதவனா என்று அந்தக் கட்டளை கேட்கவில்லை. கட்டினவனிடம்தான் கேட்கிறது. விழுகிறவன் பாவியானாலும் சுவர் வைக்க வேண்டியது வீட்டுக்காரன் கடமை. தற்கொலையைப் பற்றிச் சபைகளில் பேசும்போது விழுந்தவரின் விசுவாசத்தைப் பற்றியே பேசுகிறோம், சுவரைப் பற்றிப் பேசுவதில்லை என்பது என் மனக்குறை.

சுவரை எப்படி வைப்பது என்பதில் ஓர் எச்சரிக்கை. ஒரு சபையார் மிகுந்த அன்போடு, கிராமத்து வீடுகளுக்குப் பூட்டுள்ள இரும்புப் பெட்டிகள் வாங்கித் தரட்டுமா என்று கேட்டார்கள். நம் டாக்டர்கள் வேண்டாமென்று மரியாதையோடு சொல்லிவிட்டார்கள். காரணம் உண்டு. இலங்கையில் 180 கிராமங்களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பாதிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுள்ள பெட்டி கொடுத்தார்கள். 2017இல் வந்த முடிவு: பலனில்லை. பெட்டியும் சாவியும் ஒரே வீட்டில் இருந்தால் அது சுவராகாது என்று நான் புரிந்துகொள்ளுகிறேன். இதற்கு மாறாக, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் சென்னை ஸ்நேகா அமைப்பைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் மற்றவர்களும் இரண்டு கிராமங்களில் பொதுவான ஓர் இடம் கட்டி, ஒவ்வொரு விவசாயிக்கும் அங்கே ஒரு பெட்டகம் ஒதுக்கினார்கள். வேண்டும்போது போய் எடுத்துக்கொண்டு, தெளித்துவிட்டு, மீதியைத் திரும்ப வைக்க வேண்டும். 2013இல் வெளியான அந்த அறிக்கையில், விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்றும் அந்தக் கிராமங்களில் தற்கொலை குறைந்தது என்றும் காண்கிறோம். சிறிய முயற்சிதான், இரண்டே கிராமம். ஆனாலும் தேர்தல் காலத்துத் துப்பாக்கியைப் போல, பொருள் வீட்டை விட்டு வெளியே இருக்கிறது. டெக்சாஸ் மகனுக்கும் தாயார் மூலம் இதையே எழுதினேன்: துப்பாக்கியை விற்றுவிட்டால் உத்தமம், இல்லையென்றால் குண்டு ஓரிடம், துப்பாக்கி ஓரிடம், பூட்டோடு, வீட்டில் யாருக்காவது மனம் சோர்ந்திருக்கும் காலத்தில் அது அந்த வீட்டிலேயே இருக்கக் கூடாது.

சரீரத்தையும் மறந்துவிடக் கூடாது. எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாக விரும்பியபோது, தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்; தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. மறுபடி தூங்கவிட்டு, மறுபடி சாப்பாடு. தேவனுடைய மெல்லிய சத்தம் நாற்பது நாள் கழித்துத்தான். தொடர்ந்து இரவு ஷிப்டு பார்த்துத் தூக்கம் கெட்டவர், சர்க்கரை நோயும் கால் புண்ணுமாய் வருஷக்கணக்கில் இருப்பவர், பிள்ளை பெற்ற சில வாரங்களில் காரணமின்றி அழும் தாய், குடியை விட முடியாதவர், தைராய்டு கோளாறு உள்ளவர், இவர்களிடம் "விசுவாசம் குறைந்துவிட்டது, உபவாசமிருங்கள்" என்று சொல்லுமுன் டாக்டரிடம் அழைத்து வாருங்கள். மாத்திரை சாப்பிடுவதால் ஜெபம் குறைந்துபோவதில்லை.

வழக்குக்குப் பயந்து மறைக்கிறவர்களும் உண்டு. அந்தக் காலம் போய்விட்டது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி அவருக்குச் சிகிச்சை அளிக்கச் சொல்லுகிறது. முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் இல்லை. ஆகவே தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

சட்டம் மாறிவிட்டது, கல்லறைத் தோட்டம் மாறியதா? 1662ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம், தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவருக்கு அடக்க ஆராதனை இல்லையென்று குறிப்பு எழுதிவைத்தது. அந்த மனநிலை இன்றும் சில சபைகளில் மணி அடிக்காமலும் மூலையில் குழி தோண்டியும் வெளிப்படுகிறது. தாவீதுக்கு எதிராகக் கலகத்துக்கு ஆலோசனை சொல்லி, பின்பு தன் உயிரைப் போக்கிக்கொண்ட அகித்தோப்பேலைக்கூட அவன் தகப்பன் கல்லறையில் அடக்கம் செய்தார்கள் என்று 2 சாமுவேல் 17 சொல்லுகிறது. சவுலுக்காகத் தாவீது புலம்பினார். யாபேஸ் ஊரார் இரவெல்லாம் நடந்து போய் அவன் உடலை மீட்டு வந்தார்கள். வேதத்தில் இல்லாத கடுமை நமக்கு எங்கிருந்து வந்தது? துக்க வீட்டாரைத் தள்ளி வைத்தால், அடுத்து மனம் உடைகிறவர் நம்மிடம் வாய் திறக்கமாட்டார்.

நாங்கள் எல்லாரும் இங்கே இருக்கிறோம் என்று பவுல் சொன்னதற்கு ஒரு மருத்துவ உரை உண்டு. சென்னையும் கொழும்பும் உட்பட ஐந்து நகரங்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. தற்கொலைக்கு முயன்று பிழைத்து வீடு திரும்பியவர்களில் ஒரு பகுதியினரோடு முதலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசி, பிறகு பதினெட்டு மாதத்துக்குள் ஒன்பது முறை வீட்டுக்குப் போயோ தொலைபேசியிலோ நலம் விசாரித்தார்கள். அவ்வளவே. அப்படி விசாரிக்கப்பட்டவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு இருவர். வழக்கமான சிகிச்சையோடு விடப்பட்டவர்களில் ஆயிரத்துக்கு இருபத்திரண்டு பேர்.

இரும்புப் பெட்டிக்காக வைத்திருந்த காணிக்கையை இந்த ஊழியத்துக்குத் திருப்பலாமா என்று அந்தச் சபையாரைக் கேட்டோம், சம்மதித்துவிட்டார்கள். ஒவ்வொரு சபையிலிருந்தும், பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஒருவரும் ஆண்களில் ஒருவருமாக இரண்டு பேர் தேவை. கேட்டதை வெளியில் சொல்லாதவர்களாய், அறிவுரையைக் குறைத்துக் காதைக் கொடுக்கிறவர்களாய் இருக்க வேண்டும். நம் சமூகப் பணியாளர்கள் பயிற்சி தருவார்கள். பேருந்துச் செலவை மருத்துவமனை ஏற்கும். வீடு திரும்பிய நோயாளியின் சம்மதத்தோடு 1, 2, 4, 7, 11ஆம் வாரங்களிலும், பின்பு 4, 6, 12, 18ஆம் மாதங்களிலும் போய்ப் பார்க்க வேண்டும். இடையில் யாருக்காவது தாங்க முடியாமற்போனால் 14416 என்ற இலவச எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம், 104லும் பேசலாம். பெயர் கொடுக்க விரும்புவோர் உங்கள் ஆயர் மூலமாகவோ, காணிக்கை அனுப்பும் உறையில் ஒரு சீட்டு வைத்தோ தெரிவியுங்கள்.